பதினாறு அடியில் நிற்பவர்

காற்றுக்காரியின் புருஷன் கடலுக்கடியில் பதினாறு அடி ஆழத்தில் பத்தொன்பது வருஷம் நான்கு மாதம் நின்றுவிட்டுத்தான் மேலே வர வேண்டும் என்பது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தெரியவந்தது. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது, மகளுக்கு மூன்று. கம்ப்ரசர் அறையில் ஏழாவது காற்றுச் சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, அழுத்தம் காட்டும் முள் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். படகு ஓட்டும் கொழுந்தன் ஈரக்காலோடு வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, அண்ணன் வர நேரமாகும்."

"எவ்ளோ நேரம்? சாப்பாட்ட மூடி வைக்கணுமா?"

"பத்தொன்பது வருஷமாம், அண்ணி."

அவள் முதலில் வால்வை மூடினாள். நிரம்பிய சிலிண்டருக்கு யார் வீட்டில் என்ன துக்கம் என்பதெல்லாம் தெரியாது. முள் இருநூறைத் தாண்டினால் தாண்டியதுதான். மூடிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இப்போது சொல் என்றாள்.

அந்தக் குடாவுக்குள் பதினான்கு கப்பல்கள் கிடக்கின்றன. பழைய யுத்தத்தில் ஒரே காலைப்பொழுதில் குண்டு போட்டு மூழ்கடித்தவை. போட்டவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள், செத்தவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஊர்க்காரர்கள் செய்தது கரையில் நின்று பார்த்தது ஒன்றுதான். அதற்குப் பிறகு எண்ணெய் மிதந்த கடலில் வலை போட முடியாமல் ஒரு பருவம் முழுக்க வயிறு காய்ந்தது இன்னொன்று. யுத்தம் முடிந்து, அதில் பிழைத்தவர்களும் கிழவர்களான பிறகு, முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கப்பலுக்குள் நீந்திப் பார்க்கும் ஆசையோடு வெளிநாட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கப்பல் வயிற்றில் லாரிகள் நின்றன, டயரில் காற்று இறங்காமல். பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. ஒரு தையல் மெஷின்கூட இருந்தது. இதையெல்லாம் பார்க்க மனிதர்கள் விமானம் ஏறி வருவார்கள் என்று ஊரில் யாரும் நினைக்கவில்லை. ஆனால் வந்தார்கள். வந்ததனால் ஊரில் ஒரு விடுதி, மூன்று முக்குளிப்புக் கடைகள், ரப்பர் உடைகளை அலசிக் காயப்போடும் ஒரு கொட்டகை என்று பிழைப்புகள் முளைத்தன. பெரிய கடையில் அவள் காற்று நிரப்பினாள், அவள் புருஷன் வழிகாட்டியாக இறங்கினார், கொழுந்தன் படகு ஓட்டினான். ஆக, குடும்பமே செத்த கப்பல்களை நம்பித்தான் இருந்தது.

காற்று நிரப்புவது பார்க்கச் சும்மா நிற்கிற வேலை போல இருக்கும். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும், புகை வராத பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். காற்று திசை மாறினால் ஏணி வைத்து ஏறிக் குழாயைத் திருப்ப வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அவசரப்பட்டு நிரப்பினால் சிலிண்டர் சூடேறும். சூடேறினால் முள் பொய் சொல்லும். அதனால் அவள் முள்ளைப் பார்த்தபடியே உள்ளங்கையையும் சிலிண்டர் மேல் வைத்திருப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல. அந்த இரைச்சலில் இருபது வருஷம் நின்றதில் அவளுக்கு இடது காது போய்விட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களும் இல்லை.

ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அடியில் இருக்கும் நேரமெல்லாம் மூச்சுக்காற்று ரத்தத்தில் கரைந்துகொண்டே இருக்கும். திடீரென்று மேலே வந்தால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தது போல உடம்புக்குள் பொங்கிவிடும். அதனால் வரும் வழியில் பதினாறு அடியில் கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். சாதாரணமாக மூன்று நிமிஷம், ஆழத்தில் அதிகம் இருந்தால் அரை மணி. எவ்வளவு என்பதை மணிக்கட்டில் கட்டிய கருவி சொல்லும். இதை நம்பாதவர் ஒருவர் ஊரில் இருந்தார். பழைய வழிகாட்டி. கருவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லி இருபது நிமிஷத்தை விட்டுவிட்டு மேலே வந்தவர், அதற்கப்புறம் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் சக்கர நாற்காலியில் கடை வாசலில் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு சோடா என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சநாள் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அவரே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். சரக்குக் கப்பல் ஒன்றின் என்ஜின் அறைக்குள் ஒரு பயணி தன் கேமராவைத் தவறவிட்டான். எடுத்துவரக் காற்றுக்காரியின் புருஷன் உள்ளே போனார். நாற்பது நிமிஷம் ஆனது. மேலே வரும் வழியில் பதினாறு அடியில் வழக்கம்போல நின்று மணிக்கட்டைப் பார்த்தார். அடியில் இருந்த நேரம் அறுபத்தோரு வருஷம், இரண்டு மாதம், நாற்பது நிமிஷம் என்று காட்டியது. நிற்க வேண்டிய நேரம் பத்தொன்பது வருஷம் நான்கு மாதம். அந்த அறையில் கப்பல் மூழ்கிய காலை இன்னும் முடியாமல் கிடந்தது என்றும், அதற்குள் போனவர் அத்தனை வருஷமும் உள்ளே இருந்ததாகத்தான் கணக்கு என்றும் பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். உள்ளே என்ன பார்த்தார் என்று அவர் ஒரே ஒரு முறைதான் பலகையில் எழுதிக் காட்டினார். "ஆளுங்க வேலை பாத்துட்டு இருந்தாங்க. கரி அள்ளிப் போட்டுட்டே இருந்தாங்க. சண்டை முடிஞ்சிடுச்சுன்னு சொல்லலாம்னு பாத்தேன். வாயில குழாய் இருந்துச்சு."

முதல் நாள் கருவியில் கோளாறு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நினைத்தாலும் யாரும் அவரை மேலே வா என்று சொல்லவில்லை, ஏனென்றால் சோடா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு படகுத்துறை வரைக்கும் வந்துவிட்டார். "நானும் இதேதான்ப்பா சொன்னேன், மெஷினுக்குக் கிறுக்குன்னு," என்றார். "ரெண்டு நாள் நிக்கட்டும். என்ன, குளிருமா? குளிரட்டும்." கடை முதலாளி கருவி செய்த கம்பெனிக்குக் கடிதம் போட்டார். ஆறு வாரம் கழித்து பதில் வந்தது. கருவியில் பழுது எதுவும் இல்லை என்றும், கருவி சொல்வதைத் தவறாமல் பின்பற்றுமாறும் அதில் இருந்தது. கூடவே புதிய மாடல்களின் படம் போட்ட ஒரு தாளும் இருந்தது. ஆறு வாரம் நின்றாகிவிட்டது, இனி மிச்சத்தையும் நிற்க வேண்டியதுதான் என்று ஆனது.

ஒரு சிலிண்டர் அவருக்கு மூன்று மணி நேரம் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு. காலையில் நான்கு, சாயங்காலம் நான்கு என்று கொழுந்தன் படகில் கொண்டுபோய்க் கயிற்றில் இறக்குவான், தீர்ந்துபோனவற்றை மேலே இழுப்பான். கரைத்த மாவைப் பற்பசைக் குழாய் போன்ற ஒன்றில் அடைத்து அனுப்பினார்கள். வாய்க்குழாயை நொடிநேரம் எடுத்துவிட்டுப் பிதுக்கிச் சாப்பிடப் பழகிக்கொண்டார். இடுப்பில் பட்டை போட்டுக் கயிற்றில் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினார். முதல் வருஷம் அவரைச் சுற்றி மீன்கள் கூட்டம் போட்டன, இரண்டாம் வருஷம் அவையும் அவரை ஒரு தூணாக ஏற்றுக்கொண்டு தம் வேலையைப் பார்த்தன. தண்ணீருக்குள் அவருக்கு வயது ஏறவில்லை. பாசி மட்டும் ஏறியது. கப்பல் பார்க்கப் போகிறவர்கள் வழியில் அவருக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள். விடுதியின் விளம்பரத் தாளில் தையல் மெஷினுக்கு அடுத்தபடியாக அவர் படம் போட்டார்கள்.

காற்றுக்காரிக்கு நீச்சல் தெரியாது. அடியில் கண்ணாடி பதித்த வாளி ஒன்று படகில் உண்டு. மீன் பார்ப்பவர்கள் வைத்திருப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை மடியில் வைத்துக்கொண்டு படகோரம் குப்புறப் படுத்து, வாளியைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தை வைத்து அவரைப் பார்ப்பாள். அவர் அண்ணாந்து பார்ப்பார். பதினாறு அடி என்பது இரண்டு மாடி உயரம்கூட வராது. மாடியில் நிற்பவளைத் தெருவிலிருந்து பார்ப்பது போலத்தான். ஆனால் தெருவில் நிற்கும் புருஷனைக் கூப்பிட்டால் படியேறி வந்துவிடுவான்.

பேச்சு பலகையில் நடந்தது. தண்ணீருக்குள் எழுதுகிற வெள்ளைப் பலகை, நூலில் கட்டிய பென்சில். அவளுக்கு அப்போது எழுத்து தெரியாது. கொழுந்தன்தான் படித்துச் சொல்வான். என்ன எழுதியிருந்தாலும் அவன் வாயில் வருவது ஒன்றுதான்.

"நல்லா இருக்காராம், அண்ணி."

"நாலு வரி எழுதியிருக்காரு. நீ ரெண்டு வார்த்தை சொல்ற?"

"அண்ணன் எழுத்து பெருசு, அண்ணி. எடம் அடைக்குது."

நான்கு வருஷம் இப்படி ஓடியது. ஐந்தாம் வருஷம் அவள் பலகையை நேராக சோடாவிடம் கொண்டுபோனாள். படித்துக் காட்ட வேண்டாம், படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றாள். "இந்த வயசுலயா, தங்கச்சி?" என்று கேட்டவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார். மகள் பள்ளியில் மூன்று மாதத்தில் படித்ததை அவள் பதினொரு மாதத்தில் படித்தாள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டித் தண்ணீரில் விரலால் எழுதுவாள். எழுதியது நிற்காது என்பதால் தப்பும் நிற்காது. தானாகவே முதன்முதலில் படித்த பலகையில் இப்படி இருந்தது: "தோள் விட்டுப் போகுது. இடது கை மரத்துருச்சு. குட்டிக்குப் பல்லு விழுந்துச்சா. அவகிட்ட சொல்லாத." அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அன்றிலிருந்து பலகையை அவளே வாங்கிக்கொண்டாள், அவரும் அவளுக்கென்று எழுதத் தொடங்கினார். தோள்வலி அதற்குப் பின் பலகையில் வரவே இல்லை. காற்றில் எண்ணெய் வாசம் அடிக்கிறது, வடிகட்டியைப் பார் என்பது போன்ற விஷயங்கள் வந்தன.

கருவிக்கு பேட்டரி இரண்டு வருஷம் தாங்கும். பேட்டரியைக் கழற்றினால் முப்பது எண்ணுவதற்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கருவி எல்லாவற்றையும் மறந்துவிடும். அதைத் தண்ணீருக்குள்ளேயே மாற்றியாக வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தபடி இறக்கி, அதற்குள் சிலிண்டர் காற்றை விட்டு நிரப்பினால், தலைகீழ் வாளிக்குள் ஒரு சின்ன காய்ந்த அறை கிடைக்கும். அதற்குள் நான்கு கைகள் நுழையும். அண்ணன் கருவியைப் பிடிக்க, தம்பி மூடியைத் திருகி, பழையதை எடுத்து, துணியால் ஒற்றி, புதியதை வைத்து மூடுவான். நான்கு முறை இப்படி மாற்றினார்கள். நான்காவது முறை பன்னிரண்டு எண்ணுவதற்குள் முடித்ததாகக் கொழுந்தன் கரையில் பெருமை அடித்துக்கொண்டான்.

ஒன்பதாம் வருஷம் கொழுந்தனுக்கு நாற்பது முடிந்திருந்தது. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. படகுக்காரனுக்குக் கண் போச்சு என்று பெயர் வந்தால் பிழைப்பு போகும் என்பதால் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாளிக்குள் பேட்டரியைத் தலைகீழாக வைத்துவிட்டான். மூடித் திருகினான், திரை இருட்டாக இருந்தது, திறந்தான், திருப்பி வைத்தான். எண்ணிக்கை நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. கருவி புத்தம் புதிதாக விழித்துக்கொண்டு, இன்று என்ன தேதி என்று கேட்டது. தேதி போட்டதும், நிற்க வேண்டிய நேரம் எதுவும் இல்லை, தாராளமாக மேலே போகலாம் என்றது.

கொழுந்தன் படகில் ஏறியதும் வாயில் அறைந்துகொண்டான். காற்றுக்காரி அவனை அடக்கிவிட்டு வாளிக்குள் முகத்தை வைத்தாள். புருஷன் பலகையில் பெரிதாக எழுதித் தூக்கிப் பிடித்திருந்தார்: "வரட்டுமா?"

அன்று மத்தியானம் கடையில் அதைப் பற்றி ஒரு பேச்சு நடந்தது. முதலாளிக்கு அவர் மேலே வந்துவிடுவதில் விருப்பம் இல்லை. ஆனால் அதைச் சொல்லாத அளவுக்கு நாகரிகம் இருந்தது. சோடா மட்டும் தொடையைத் தட்டிக் காட்டினார், தட்டியது அவருக்கு உறைக்காது. "மெஷின் மறந்துட்டா ரத்தம் மறந்துடுமா, தங்கச்சி? இன்னும் பத்து வருஷம் பாக்கி இருக்கு உடம்புல." அவள் மீண்டும் படகில் போனாள். அதற்குள் பலகை மாறியிருந்தது. எழுத்து சின்னதாக, நெருக்கமாக இருந்தது. "அன்னிக்கு மெஷின் சொன்னதைக் கேட்டோம். கம்பெனியும் கேளுன்னுதான் சொன்னான். இன்னிக்கும் அதே மெஷின்தான் சொல்லுது. குட்டிக்குப் பன்னெண்டு வயசு ஆயிடுச்சு. நீ சொன்னா வரேன்."

இவ்வளவு காலமும் அவள் அவருக்குப் பதில் எழுதியதில்லை. தலையாட்டல், கை காட்டல், அதற்கு மேல் வேண்டுமென்றால் கொழுந்தன் எழுதுவான். படிக்கத் தெரிந்தவள், எழுதக் கூச்சம். அன்று இன்னொரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வா என்பது ஒரே எழுத்து. அதை எழுதினால் இன்று சாயங்காலமே வீட்டுக்கு வருவார், நடந்தோ அல்லது நாற்காலியிலோ அல்லது நான்கு பேர் தூக்கியோ. அவள் அதைவிடப் பெரிய வார்த்தையை எழுதினாள். "வேண்டாம்." கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி வைக்க மறந்து, திரும்ப வாங்கி வைத்து, நூலில் கட்டி இறக்கினாள். அவர் படித்தார். தலையை ஆட்டினார். பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கருவி ஒவ்வொரு நாளும், நீங்கள் மேலே போகலாம், மேலே போகலாம் என்று காட்டிக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கழற்றிக் கீழே விட்டார். கப்பல் இருந்த பக்கமாக அது இறங்கிப் போனது. அதன்பின் நாட்களை அவள் நாள்காட்டியில் அடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த பத்து வருஷத்தைச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கப்பல்கள் இரும்பு, இரும்பு எவ்வளவு காலம்தான் உப்பில் கிடக்கும். சரக்குக் கப்பலின் மேல்தளம் ஒரு மழைக்காலத்தில் மடங்கி விழுந்து என்ஜின் அறையின் வாயை அடைத்துவிட்டது. தையல் மெஷினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பயணிகள் வேறு ஏதோ நாட்டில் புதிதாகக் கிடைத்த கப்பல்களுக்குப் போனார்கள். சின்னக் கடைகள் இரண்டும் மூடின, பிறகு விடுதி, பிறகு பெரிய கடை. முதலாளி போகும்போது கம்ப்ரசரை அவளிடமே விட்டுவிட்டுப் போனார். தூக்கிக்கொண்டு போகிற கூலிக்குக்கூட அது பெறாது என்பதுதான் உண்மை, ஆனாலும் நல்ல மனதோடு கொடுத்தது போலத்தான் கொடுத்தார். சோடா ஒரு மத்தியானம் சீட்டுப் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கி, எழுந்திருக்கவில்லை. அவள் காலையில் சிலிண்டர் நிரப்பினாள், பகலில் மீன்கிடங்கில் பெட்டி சுமந்தாள், சாயங்காலம் மறுபடி நிரப்பினாள். மகள் படித்து, தொலைவில் ஒரு நகரத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். போட்டோ அனுப்பினாள். காற்றுக்காரி அதைத் தண்ணீர் போகாத உறையில் போட்டு நூலில் கட்டி இறக்கினாள். அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பலகையில் எழுதினார்: "இது யாரு?"

"உங்க மக," என்று எழுதி அனுப்பினாள்.

அவர் போட்டோவை மறுபடியும் பார்த்தார். "பெருசாயிட்டா," என்று எழுதினார். அதற்கு மேல் பலகையில் நிறைய இடம் இருந்தது.

நாள் வந்தது. மகள் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தாள். ஊரில் மிச்சமிருந்தவர்கள் ஒன்பது படகுகளில் போய் வட்டமாக நின்றார்கள். காற்றுக்காரி ஒரு துண்டும், சட்டையும், புதிதாக வாங்கிய ஒரு ஜோடி செருப்பும் எடுத்துப்போயிருந்தாள். கால் அளவு மாறியிருக்குமோ என்று கடையில் வெகுநேரம் யோசித்துவிட்டுப் பழைய அளவையே வாங்கியிருந்தாள். கொழுந்தன் கயிற்றை மூன்று முறை அசைத்தான். அவர் ஏறி வந்தார். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நின்று, வலது கையை மட்டும் வெளியே நீட்டினார். முழங்கை வரைக்கும் எல்லாரும் பார்த்தார்கள். ஊறிய காகிதம் போல வெளுத்திருந்தது. வெயிலில் அது சொட்டிக்கொண்டு நின்றது, பிறகு நடுங்கியது, பிறகு யாரோ வலுவாகப் பிடித்து இழுத்தது போலத் தொப்பென்று தண்ணீருக்குள் விழுந்தது. அவர் பழைய இடத்துக்கே இறங்கிப் போய்விட்டார். பலகை வந்தது. "கை கனமா இருக்கு. இன்னும் கொஞ்சம்."

மறுநாளும் இன்னும் கொஞ்சம்தான். மகள் வாளிக்குள் முகத்தை வைத்து அவரைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் பார்த்த அதே கண்ணாடி, அதற்குப் பின்னால் அதே கண்கள். "அம்மா, நீயும் என்கூட வந்துடு," என்றாள்.

"எட்டு சிலிண்டர் யாரு ரொப்புவா?"

"சித்தப்பா ரொப்பட்டும்."

"அவனுக்கு முள்ளு தெரியாதுடி. குருட்டாம்போக்குல ரொப்பி வெடிக்க வைப்பான்."

கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன் சிரித்தான், மகள் சிரிக்கவில்லை. லீவு முடிந்து மத்தியான பஸ்ஸில் போய்விட்டாள். அப்பா முகத்தை முகமூடி இல்லாமல் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தவள்.

இன்னும் கொஞ்சம் என்பது நான்கு மாதம் நீண்டது. ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் காற்றுக்காரி கம்ப்ரசர் அறையைத் திறந்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள், மெஷினைப் போடவில்லை. கொழுந்தன் வந்து வாசலில் நின்று பார்த்தான்.

"கரண்ட் இல்லையா, அண்ணி?"

"இருக்கு."

"பின்ன?"

"படக எடு. சும்மா போவோம்."

அவனுக்கு விஷயம் புரிந்தபோது படகு பாதித் தூரம் போயிருந்தது. "அண்ணி, வெளையாடாதீங்க. நேத்து சாயங்காலம் எறக்குனது இப்பத் தீர்ற நேரம்."

"தெரியும். ரொப்புனவ நான்தானே."

"மூச்சு முட்டிச் செத்துருவாரு அண்ணி!"

"பதினாறு அடி. காலை ஒதச்சா மேல. வருவாரு." அதைச் சொன்னபோது அவள் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவரை வரவைக்க அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

அவள் குப்புறப் படுத்து வாளிக்குள் முகத்தை வைத்தாள். அவர் அண்ணாந்து பார்த்தார். கயிற்றில் புதிய சிலிண்டர் இறங்காததைக் கவனித்தார். அவள் கையை வாளிக்குப் பக்கத்தில் தண்ணீரில் விட்டு, வா என்று விரல்களை மடக்கினாள். அவர் அசையவில்லை. அவர் வாய்க்குழாயிலிருந்து ஏறிவந்த குமிழிகள் முஷ்டியளவில் இருந்து கோலிக்குண்டளவுக்குச் சுருங்கின, பிறகு கடுகளவு, பிறகு நின்றுவிட்டன. அந்த இடத்தில் கடல் மேல் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பொரிகிற சத்தம் இல்லாமல் போனது. ஒற்றைக் காதில் அவள் அதைக் கேட்டாள். கொழுந்தன் சட்டையைக் கழற்றிக் குதிக்கப் போனான். அவள் தலையை எடுக்காமலேயே அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வாய்க்குழாயை எடுத்து மெல்லக் கயிற்றில் மாட்டினார். இரண்டு நிமிஷம் ஆனது. ஐந்து ஆனது. அவர் உதறவில்லை, திணறவில்லை, நெஞ்சைப் பிடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல நின்றார். பத்தாவது நிமிஷம் அவள் கொழுந்தனின் காலை விட்டாள். அவனும் குதிக்கவில்லை.

அவர் பலகையை எடுத்து எழுதினார். இழுத்துப் பார்த்தாள். "கோபமா?"

அவள் எழுதினாள். "காத்து வேண்டாமா உங்களுக்கு?"

"ரொம்ப நாளா வேண்டியதில்ல."

"பின்ன சிலிண்டரெல்லாம் காலியா வந்துச்சே?"

இதற்குப் பதில் எழுத அவர் நேரம் எடுத்துக்கொண்டார். "தெறந்து விட்டேன். மூணு மணிக்கு ஒண்ணு. நீ அனுப்புற. திருப்பி எப்படி அனுப்புறது."

அவள் அதைக் கொழுந்தனுக்குப் படித்துக் காட்டவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு, எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டு அனுப்பினாள். வாளி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுத ஆரம்பித்தார். இரண்டு எண்கள் எழுதியிருப்பார். பென்சில் நின்றது. கட்டைவிரலால் அதை அழித்தார், நன்றாகத் தேய்த்து அழித்தார், வெறும் பலகையை நூலில் கட்டி மேலே அனுப்பினார். பலகையை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அதைச் சாய்க்கவில்லை. படகின் அடியில் கவிழ்த்து வைத்தாள்.

திரும்பும் வழியில் கொழுந்தன்தான் பேசினான். "அப்ப இனிமே வேலை இல்ல, அண்ணி. நீங்க குட்டிகிட்டப் போய் இருக்கலாம்." அவள், படகில் தண்ணீர் ஏறுகிறது, மொண்டு ஊற்று என்றாள். ஏறியிருந்தது, அவன் மொண்டு ஊற்றினான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஏணி வைத்து ஏறி, காற்று கிழக்கே மாறியிருந்ததால் குழாயைத் திருப்பிவிட்டு இறங்கி, மெஷினைப் போட்டாள். எட்டு தேவையில்லை என்று ஆகிவிட்டபடியால் இரண்டு நிரப்பினாள். ஒன்று காலைக்கு, ஒன்று சாயங்காலத்துக்கு. உள்ளங்கையை வைத்து, சூடேறாமல், இருநூறு வரைக்கும். கொழுந்தன் தூக்கிக்கொண்டு போய் இறக்கினான். மறுநாள் காலைக்குள் இரண்டும் காலியாகத் திரும்பி வந்தன. அது இன்றைக்கும் அப்படியேதான் நடக்கிறது. துறைமுக அலுவலகம் சென்ற வருஷம் குடாவின் படத்தைப் புதிதாக வரைந்தபோது, மூழ்கிய கப்பல்களில் பாதியைக் கரைந்துவிட்டன என்று நீக்கிவிட்டு, சரக்குக் கப்பல் கிடந்த இடத்துக்கு மேலே ஒரு சிறிய வட்டம் போட்டு, பதினாறு அடியில் ஆள், வேகம் குறைக்கவும் என்று குறித்தது. படகுகள் அங்கே வேகம் குறைக்கின்றன.